இடைநின்ற பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்த்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்:

2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பைத் தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே சொல்லித்தரும் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கினார்களே, அப்போது நானும் பெயர் கொடுத்தேன். எங்கள் வீட்டுத் திண்ணைதான் வகுப்பு. மாலை ஐந்து முதல் ஏழு வரை.

மூன்றாவது வாரம் ஒரு பெண், பன்னிரண்டு வயதிருக்கும், தம்பியைக் கூட்டிவந்து விட்டுவிட்டு வேலியோரமே நின்றாள். கூப்பிட்டால் வரமாட்டாள். "தம்பிக்குத்தான்க்கா, நான் சும்மா நிக்கிறேன்."

இருளர் பழங்குடிக் குடும்பம். அப்பா அம்மா முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போவார்கள். தை பிறந்தால் சூளை, மழை பிடித்தால் ஊர். இவளும் கூடவே போய், சுடாத பச்சைச் செங்கல்லைக் காயப் புரட்டுவாள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது.

ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். அது பெரிய தவறு. முகம் சுருங்கிவிட்டது. நான்கு நாள் ஆளைக் காணோம். வீட்டுக்குப் போனால் அவள் அம்மா சொன்னார்: "சின்னப் பசங்க எதிர்ல எழுத்து கூட்டணும்னா அழுவுதும்மா."

மற்ற பிள்ளைகள் போனபிறகு ஏழு மணிக்கு அவளுக்கு மட்டும் அரைமணி நேரம் என்று முடிவுசெய்தோம். புத்தகமே இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை கல் அறுப்பீங்க?" என்று கேட்டேன். கடகடவென்று சொன்னாள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி, வாரச் செலவுக்கு வாங்கியது இவ்வளவு, முன்பணத்தில் கழிந்தது இவ்வளவு. எல்லாம் மனக்கணக்கு! காகிதத்தில் போட மட்டும் தெரியவில்லை. அன்று ராத்திரியே ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் இடமதிப்பு பிடிபட்டுவிட்டது. அவள் முதலில் எழுதியது தன் வீட்டுக் கடன் கணக்கு. அந்தக் காகிதத்தை அவள் அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினார். அந்தத் தையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகச் சம்மதித்ததும் அதற்குப் பிறகுதான்.

எழுத்துக்கு ட, ப, ம, க என்று கைக்கு எளிதானவற்றில் தொடங்கினோம். பிறகு அவள் பெயர், ரேஷன் கார்டில் உள்ள பெயர்கள், பஸ் போர்டு. சித்திரையில் திக்காமல் படித்தாள்.

ஜூனில் சேர்க்கப் போனால் மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள். இதைப் படிப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பயிற்சி குறைந்தது 3 மாதம், தேவைப்பட்டால் 2 ஆண்டு வரை. மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. கல்வித் துறையின் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் கூட வந்து பேசினார், அன்றைக்கே ஏழாம் வகுப்பில் சேர்த்தாயிற்று.

ஆசிரியர், திருவள்ளூர் மாவட்டம்:

எங்கள் பக்கத்துச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரு ஜனவரியில் பத்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். தமிழ் தெரியாது. 'எழுதப் படிக்கத் தெரியாது' என்று என் கையாலேயே பதிந்தேன். ஒரு மதிய வேளை, வகுப்பில் யாரும் இல்லை, கரும்பலகை நிறைய வட்ட வட்டமாக எழுதிக்கொண்டிருந்தான். சூளையில் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒடியா எழுத்து என்று அவர் படித்துச் சொன்னார். அவன் ஊர்ப் பெயர், அங்கே படித்த பள்ளியின் பெயர், கூடப் படித்தவர்கள் பெயர்.

அந்தப் பதிவை அடித்துத் திருத்தினேன். மறுநாள் முதல் அவன் ஒடியாவில் எழுத, பக்கத்தில் நான் தமிழில் எழுதினேன். கணக்கில் என் வகுப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஜூனில் முதல் மழையோடு போய்விட்டார்கள். எத்தனை மாதம் வந்தான், எதுவரை படித்தான் என்று எழுதி முத்திரை வைத்து அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். அங்கே பள்ளிக்குப் போகிறானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து:

நான் இடைநின்ற பிள்ளையாக இருந்தவள். ஒன்பதாவதோடு மில்லுக்குப் போனேன். லீவில் ஊருக்கு வந்தால் பஸ் ஸ்டாப்பில் டீச்சரைப் பார்த்ததும் ஒளிந்துகொள்வேன். ஏன் நின்றாய் என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. "பத்தாவது எப்போ எழுதப் போற தாயி?" அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் தனித்தேர்வராக எழுதினேன். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் போனபோது என்னோடு நின்றவர்களில் இரண்டு பேர் கையில் குழந்தை இருந்தது.

தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்:

டீச்சர் கேட்ட கேள்வியைக் குறித்துவைத்துக்கொண்டேன், சகோதரி. நான் போகும் வீடுகளில் இனி அதைத்தான் கேட்கப் போகிறேன்.

அந்தப் பெண் போன வாரம் வந்தாள். பழங்குடிச் சான்றுக்கு மனு கொடுக்க வேண்டும், தானே எழுதிவிட்டேன், பிழை மட்டும் பாருங்கள் என்றாள். 'கோட்டாட்சியர்' என்பதில் ஒரு 'ட்' விட்டுப்போயிருந்தது. மற்றதெல்லாம் சரி.