கத்தரிக்கு வேப்பங்கொட்டைக் கரைசலா, கடை மருந்தா?

வரப்புக்காரன்:
கத்தரி பூக்க ஆரம்பித்திருக்கிறது. நுனித்தண்டு அங்கங்கே வாடித் தொங்குகிறது, பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. இலைக்கு அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வேறு. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தேன், மறுநாளும் புழு சாகவில்லை. பக்கத்து வயல்காரர் கடையில் விற்கும் சைபர்மெத்ரின் மருந்தை அடி, எல்லாம் போய்விடும் என்கிறார். எதை அடிக்கலாம்?

பச்சைத்துண்டு:
மறுநாளே சாகவில்லை என்று வேம்பைக் குறை சொல்லாதீங்க சார். வேம்பில் வேலை செய்யும் அசாடிராக்டின் உடனே கொல்லும் விஷம் இல்லை, பூச்சியைத் தின்ன விடாது, தோல் உரிக்க விடாது, அதனால் பலன் தெரியச் சில நாள் ஆகும், அதுவும் சின்னப் புழுவிடம்தான் நன்றாகச் செல்லும். வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், சாயங்காலம் அடியுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு, இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி. அசுவினிக்கு இதுவே போதும். தண்டுக்குள் போய்விட்ட புழுவை மட்டும் இதுவும் தொடாது, சைபர்மெத்ரினும் தொடாது.

பொறிவண்டு:
சைபர்மெத்ரின் வகையே ஒரு சாமந்திக் குடும்பப் பூவில் இருக்கும் பைரெத்ரினைப் பார்த்துச் செய்ததுதான். பூவில் இருப்பது வெயில் பட்டதும் போய்விடும், செயற்கையாகச் செய்தது நாள்கணக்கில் இலையில் நிற்கும். அந்த நாள்களில் அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து சாகும், அப்புறம் அசுவினியும் சிவப்புச் சிலந்தியும் முன்னைவிட அதிகமாக வரும்.

கைத்தெளிப்பான்:
செடியிலிருந்து வந்தால் சாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புகையிலைச் சாற்றில் இருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், போதாததற்கு கத்தரி, தக்காளிக்கு நச்சுயிரி (வைரஸ்) நோயையும் கொண்டுவரலாம். செயற்கை மருந்திலும் எல்லாம் ஒன்றில்லை, குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்றவை புழுவைக் குறிவைப்பவை, நன்மை செய்யும் பூச்சிகளுக்குக் கெடுதல் குறைவு. எதுவானாலும் முட்டை பொரியும் சமயத்தில் அடித்தால்தான் உண்டு, பொரிந்த புழு சில மணி நேரத்திலேயே துளைத்து உள்ளே போய்விடும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால், இந்தப் புழுவின் முட்டையை இடும் அந்துப்பூச்சியின் நடமாட்டம் தெரியும். கத்தரி சில நாளுக்கு ஒருமுறை பறிக்கிற காய், லேபிளில் உள்ள காத்திருப்புக் காலத்தை, அதாவது மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வரப்புக்காரன்:
சரி, அப்போ வாடின நுனியை என்ன செய்ய? கிள்ளி வரப்பில் போட்டுவைத்திருக்கிறேன்.

பச்சைத்துண்டு:
வரப்பில் வேண்டாம் சார், உள்ளே இருக்கும் புழு வெளியே வந்து சருகில் கூட்டுப்புழுவாகி மறுபடி பறக்கும். ஓட்டை தெரிகிற இடத்துக்குக் கீழே வெட்டி, ஓட்டை விழுந்த காயையும் சேர்த்து எரித்துவிடுங்கள், மருந்து அதுக்கப்புறம்.