உவர்மலையா, அலஸ்தோட்டமா, நிலாவெளியா? சின்னப் பிள்ளையளோட குடியேற எதைப் பாத்து முடிவெடுக்கிறது?

புதுவளவு:

வணக்கம். எனக்கும் கணவருக்கும் வேலை திருகோணமலைப் பட்டணத்துக்குள்ள. மகளுக்கு ரெண்டரை வயசு, மகனுக்கு ஆறு மாதம். கையில இருக்கிற காசுக்கு மூண்டு இடம் சரிவருகுது: உவர்மலையில 6 பேர்ச்சில பழைய வீடு, அலஸ்தோட்டத்தில 12 பேர்ச்சும் பாதி கட்டின வீடும், நிலாவெளியில 20 பேர்ச் வெறுங்காணி. பிள்ளையள் ஓடித்திரிய வளவு வேணும் எண்டு எனக்கு. பள்ளிக்கூடம் கிட்ட இருக்கவேணும் எண்டு அவருக்கு. எது நல்லம் எண்டு சொல்லவேண்டாம், எதை எதைப் பாக்கவேணும் எண்டு விவரமாச் சொல்லுங்கோ.

கரும்பலகை:

முதலில் பாடசாலைக் கணக்கைப் போடுங்கள். தங்கச்சி, பலர் இதைக் காணி வாங்கின பிறகுதான் போடுகிறார்கள்.

முதலாம் தரத்துக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்திய வருடமே போய்விடும். இடங்களில் பாதி அண்மையில் வசிப்போருக்கு. 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு. அண்மை வசிப்பில் வாக்காளர் பட்டியலின் கடைசி ஐந்து வருடங்களைப் பார்ப்பார்கள். தாய், தகப்பன் இருவரின் பெயரும் அந்த விலாசத்தில் இருக்கவேண்டும். ஒருவர் பெயர் மட்டுமென்றால் புள்ளி குறையும்.

இப்போது உங்கள் கணக்கு. நாளைக்கே உவர்மலைக்குப் போனாலும் மகள் விண்ணப்பிக்கும்போது இரண்டு வருடப் பெயர்தான் சேர்ந்திருக்கும். மகனுக்கு நாலு வருடம் சேரும், வாக்காளர் பட்டியல் மறுசீரமைப்பு நேரத்தோடு நடந்தால் ஐந்தும் வரலாம். ஆகவே மகளின் அனுமதிக்காகப் பட்டணத்து விலையைக் கொடுப்பதில் பெரிய பலனில்லை. பழைய மாணவர் பிரிவில் நீங்களோ கணவரோ தகுதி பெறுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். மகள் ஒரு கலவன் பாடசாலைக்குள் போய்விட்டால் மகனுக்குச் சகோதரர் பிரிவு திறக்கும். சண்முகா போன்ற மகளிர் கல்லூரி என்றால் அந்த வழி இல்லை.

இன்னொன்று, உவர்மலை என்றால் எல்லாப் பாடசாலைக்கும் கிட்ட என்று நினைப்பது பிழை. விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட, பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். அங்கே விவேகானந்தா பக்கத்திலேயே இருக்கிறது, கோணேஸ்வராவுக்கு விண்ணப்பித்தால் அதுவும் இந்தக் கணக்கில் வரலாம். தூரம் பார்ப்பது வான்வழியாக, ஓட்டோ மீற்றரில் காட்டுகிற கிலோமீற்றரை நம்பவேண்டாம். புள்ளிப் பங்கீட்டில் சின்னச் சின்ன மாற்றம் வரும், அந்தந்த வருடச் சுற்றறிக்கையை வாசியுங்கள்.

உறுதிப்பெட்டி:

மூண்டு காணிக்கும் ஒரே கேள்வி: கையில இருக்கிறது உறுதியா (தனியார் காணியின்ர உரிமைப் பத்திரம்), அரச காணிக்குக் குடுக்கிற அனுமதிப்பத்திரமா, அளிப்பா? பட்டணத்துக்குள்ள பெரும்பாலும் உறுதிக் காணி. வெளியில போகப் போக அரச காணி கூடும்.

உறுதி எண்டால் காணிப் பதிவகத்தில 30 வருசத்துப் பதிவேட்டுப் பிரதி எடுத்து நொத்தாரிசிட்டக் குடுங்கோ. சொந்தக்காரர் வெளிநாட்டில, இங்க ஒருத்தர் அற்றோனித் தத்துவத்தில (அவருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) விக்கிறார் எண்டால், தத்துவம் குடுத்தவர் இப்ப உயிரோட இருக்கிறாரா எண்டது உறுதியாத் தெரியவேணும். அவர் செத்த நாளோட தத்துவமும் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு எழுதின உறுதி வழக்குக்குத்தான் உதவும். உள்ளூராட்சி சபையில வீதி எல்லைக்கோட்டுச் சான்றிதழும் சுவீகரிக்கப்படவில்லை எண்ட சான்றிதழும் எடுங்கோ. முத்திரைக் கட்டணம் முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதை ஒதுக்கி வச்சிட்டு விலை பேசுங்கோ.

கப்பல்துறை, முத்துநகர், சீனக்குடாப் பக்கம் ஆரும் மலிவாக் காட்டினால் நிண்டு பாருங்கோ. அங்க துறைமுக அதிகாரசபைக்கு வர்த்தமானியில ஒதுக்கின காணி நிறைய. ஆள் பல வருசமா வேலி போட்டு இருந்தவர் எண்டதால அரச காணியில உரிமை வராது.

புதுவளவு:

நன்றி. நிலாவெளிக் காணி அனுமதிப்பத்திரம்தானாம். "நொத்தாரிசிட்ட எழுதலாம், எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்" எண்டு தரகர் சொல்லுறார். கடலுக்கு ஏறக்குறைய 200 மீற்றர்.

உறுதிப்பெட்டி:

எல்லாரும் செய்யினம், உண்மைதான். செய்தது செல்லாது எண்டதும் உண்மை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ குடுத்த காணியைப் பிரதேச செயலாளரின்ர முன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாத்த ஏலாது. அளிப்புக் காணிக்கும் அதே. நாளைக்கு விக்கிறவர் பேர் குடுத்து வச்ச பின்னுரித்தாளர் வந்து நிண்டால், உங்கட கையில இருக்கிறது வெறும் கடதாசி. பெரிய துண்டில இருந்து 20 பேர்ச்சைப் பிரிச்சுத் தாறார் எண்டால் அது வேற சிக்கல், பிரிக்க அனுமதிக்கிற ஆகக்குறைஞ்ச அளவு பத்திரத்திலயே போட்டிருக்கும்.

உயர்நீர் மட்டத்தில இருந்து 300 மீற்றர் வரைக்கும் கரையோர வலயம். 200 மீற்றர் எண்டால் வீடு கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின்ர அனுமதியும் வேணும். நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்கு வரும், அலஸ்தோட்டம் பட்டணமும் சூழலும் பிரதேச சபைக்கு. வரைபட அனுமதிக்கு வேற வேற கந்தோர்.

கிணத்தடி:

தண்ணியப் பற்றி ஒருத்தரும் பேசேல்ல. அதுவும் கைக்குழந்தையோட போற வீட்டில.

நிலாவெளி, அலஸ்தோட்டம் மணல் தரை. அங்க நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நிண்டால் கீழ ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். மேல ஒரு அடி இறங்கினால் கீழயிருந்து உப்பு 40 அடி ஏறும். பெரிய மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில இறைக்கிற வளவில கிணறு கெடுறது இதாலதான். அரைக் குதிரைவலு மோட்டர் காணும். காலையும் பின்னேரமும் கொஞ்சங் கொஞ்சமா இறைச்சு 1000 லீற்றர் தாங்கியில நிரப்புங்கோ. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 500 லீற்றர் அளவில போகும். பக்கத்தில விடுதி இருந்தால் அவை எவ்வளவு இறைக்கினம் எண்டும் விசாரியுங்கோ. நிலத்துக்குக் கீழ வேலி கிடையாது.

கிணத்துத் தண்ணிய மாரி முடிஞ்ச கையோட ருசி பாத்து ஏமாறாதேங்கோ. ஓகஸ்ட், செப்டெம்பரில எடுத்து ஆய்வுக்குக் குடுங்கோ. குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம், நைத்திரேற்று 50, அதுக்கு மேல போகப்படாது. நைத்திரேற்று கூடின தண்ணியில புட்டிப்பால் கரைச்சால் ஆறு மாதக் குழந்தைக்கு ஆபத்து, கொதிக்க வச்சால் அது போகாது, இன்னும் செறியும். அது மண்ணுக்குள்ள வாறது மலசலகூடக் குழியாலயும் தோட்டத்துப் பசளையாலயும். கிணத்துக்கும் குழிக்கும் 50 அடி எண்டு சொல்லுறது இதுக்குத்தான். 6 பேர்ச் எண்டால் 1,633 சதுர அடி, அதாவது 33க்கு 50 மாதிரி. பக்கத்து வீட்டுக் குழியையும் சேத்துப் பாத்தால் அதுக்குள்ள 50 அடி எங்க கிடைக்கப்போகுது? அதால உவர்மலை வீட்டில குழாய்த் தண்ணிய நம்பித்தான் இருக்கவேணும், கிணறு துணி தோய்க்க மட்டும். குழாய்க்குத் தண்ணி கந்தளாய்க் குளத்தில இருந்து வருகுது, எந்த நேரம் வருகுது எண்டு அயலட்டையில கேளுங்கோ. 12 பேர்ச்சில மூலைக்கு மூலை வச்சால் 50 அடி வரும், அயலவன்ர குழி உங்கட கிணத்துப் பக்கம் இல்லாட்டி.

காணிய டிசெம்பர் மழைக்குள்ள போய்ப் பாருங்கோ. பள்ளக் காணி மலிவாத்தான் இருக்கும். 10 பேர்ச்சை ரெண்டடி உயத்த 54 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வேணும், அமத்தினால் இன்னும் கால்வாசி கூட. 3 கியூப் டிப்பரில 22, 23 லோட். அதையும் விலையோட சேத்துப் பாருங்கோ.

உப்புக்காத்துக்காரன்:

மே தொடக்கம் ஓகஸ்ட், செப்டெம்பர் வரை மேற்கிலயிருந்து வாற கச்சான் காத்து, வறண்ட சூட்டுக் காத்து, அடிக்கும். மேற்குச் சுவரில பிள்ளையின்ர அறை இருந்தால் மத்தியானம் படுக்கவைக்க ஏலாது. கிழக்குப் பக்கம் அறை, மேற்கில குசினியோ விறாந்தையோ இருக்கவேணும்.

போக்குவரத்து: அலஸ்தோட்டம் பட்டணத்தில இருந்து ஏறக்குறைய 6 கிலோமீற்றர், நிலாவெளி 15. பள்ளிக்கு ஒருக்கா, பின்னேர ரியூசனுக்கு ஒருக்கா எண்டு ரெண்டு தரம் போய்வந்தால் நிலாவெளியில இருந்து நாளுக்கு 60 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 ஓடினால் 22 நாளுக்கு 29 லீற்றர். அலஸ்தோட்டத்துக்கு 12. பெற்றோலை விட நேரம்தான் பெரிசு. ரெண்டு பேரும் வேலைக்குப் போனால், பள்ளி விட்டதுக்கும் ரியூசன் தொடங்கிறதுக்கும் இடையில பிள்ளை எங்க இருக்கும்? நிலாவெளியில ஸ்கூல் வான் இருக்கு, ரியூசனுக்கு ஆர் கூட்டிப்போறது?

வாங்க முதல் வாடகைக்கு இருந்து பாக்கலாம் எண்டு நினைச்சால், உப்புவெளி–நிலாவெளிக் கரையில ஏப்ரலில இருந்து செப்டெம்பர் வரை சுற்றுலாச் சனம். சீசனுக்கு எழும்பச் சொல்லுவினம், ஒப்பந்தத்தில முழு வருசம் எண்டு எழுதுவியுங்கோ.

உவர்மலையில வளவு இல்லாட்டியும் பின்னேரம் கடற்கரை கிட்ட. பூங்கண்டு வைக்கிறதெண்டால் மட்டும் உயரமா வேலி போடுங்கோ, பட்டணத்துக்குள்ள திரியிற மானுக்கு உங்கட ரோசாவும் புல்லுத்தான்.

புதுவளவு:

நிலாவெளிய விட்டாச்சு. அலஸ்தோட்டத்துக் காணி உறுதிக் காணி, பிரதி எடுக்கக் குடுத்திருக்கு. பாதி கட்டின வீடு நாலு வருசமா அப்பிடியே நிக்குதாம், தூண் கம்பியள் மேல நீட்டிக்கொண்டு. அதில தொடர்ந்து கட்டலாமோ?

கிணத்தடி:

கடல் காத்தில நாலு வருசம் எண்டால் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியப் பாக்காமல் விலை பேசாதேங்கோ. கம்பித் தூரிகையால துருவ உரசிப்போட்டு வேர்னியரால அளவுங்கோ, ஒரு தூணில நாலு கம்பியையும். 12 மில்லிமீற்றர் கம்பி 11க்குக் கீழ காட்டினால், அல்லது துரு செதில் செதிலாக் கழண்டால், அதோட புதுக் கம்பி பொருத்தப்படாது. கொங்கிறீற்றைக் கீழ உடைச்சு நல்ல கம்பி தெரியிற வரைக்கும் போகவேணும். பிறகு புதுக் கம்பிய ரெண்டடி மேலடுக்கிக் கட்டவேணும், அது கம்பி விட்டத்தின்ர 50 மடங்கு. தூணில நெடுக்க வெடிப்பு ஓடியிருந்தால் உள்ளுக்கும் துரு பிடிச்சிட்டுது. அப்ப வீட்டுக்கு எண்டு ஒரு சதமும் போடாமல், உடைச்சு ஏத்திற கூலியையும் கழிச்சுக் காணி விலைக்கு மட்டும் கேளுங்கோ.