பார்க்காத விரிவுரைகள் குவிகின்றன: கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்கள் தனியாகப் படித்தது எப்படி?

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்:
வளாகம் மூடப்பட்டு வகுப்புகள் இணையவழிக்கு மாறிய நாளிலிருந்து, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதியே எனக்குப் பகையாகிவிட்டது. புள்ளியியலில் மட்டும் 11 காணொலிகள் தொடப்படாமல் கிடக்கின்றன. சென்ற வாரம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரே இரவில் நான்கைப் பார்த்து முடித்தேன். அப்போது எல்லாம் புரிந்தது போலத்தான் இருந்தது, மறுநாள் பயிற்சிக் கணக்கில் முதல் வரியைக்கூட எழுத வரவில்லை. கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன், அதுவும் மூன்று நாள் தாங்கவில்லை. இந்நிலையிலிருந்து மீண்டவர்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

முதுகலை மாணவி:
நானும் சென்ற பருவம் முழுவதும் அப்படித்தான் ஏமாந்தேன். காணொலி ஓடும்போது புரிவது ஆசிரியருக்குத் தெரிந்ததேயன்றி நமக்குத் தெரிந்ததல்ல. இப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை காணொலியை நிறுத்தி, மடிக்கணினியை மூடிவிட்டு, கேட்டதை வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுகிறேன். முதல் நாள் மூன்று வரிக்கு மேல் தேறவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஒரே இரவில் நான்கு காணொலி பார்த்த உங்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான்.

விரிவுரையாளர்:
மேலே சொன்ன முறையை வழிமொழிகிறேன். அட்டவணை குறித்து மட்டும் ஒன்று சேர்க்கிறேன். 'மாலை 4 முதல் 6 வரை புள்ளியியல்' என்று எழுதினால், அந்த நேரம் முழுவதும் திரைமுன் அமர்ந்திருந்தாலே கடமை முடிந்ததாகத் தோன்றும். 'நிகழ்தகவுப் பயிற்சியில் 3, 5, 8ஆம் கணக்குகளை விடையைப் பார்க்காமல் போடுவது' என்று எழுதினால், முடிந்ததா இல்லையா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். தன்னெறிக் கற்றலைப் பற்றி, அதாவது தம் படிப்பைத் தாமே திட்டமிட்டு நெறிப்படுத்திக்கொள்வதைப் பற்றி, எழுதிய கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மன், அதனை முன்யோசனை, செயல்பாடு, தன்மதிப்பாய்வு என்னும் மூன்று கட்டங்கள் கொண்ட சுழற்சியாக விளக்கினார். மாணவர்கள் பெரும்பாலும் கைவிடுவது மூன்றாவதை. மூன்று நாளில் அட்டவணை குலைந்தபோது அதைக் கிழித்துப்போட்டீர்களா, எந்த மணி நேரத்தில் குலைந்தது என்று பார்த்தீர்களா? மேலும், 11 காணொலிகளையும் வரிசையாகத் தீர்க்க முயல வேண்டாம். இந்த வாரப் பாடத்திலிருந்து தொடங்கி, அதற்கு எந்தப் பழைய பாடம் தேவைப்படுகிறதோ அதற்கு மட்டும் பின்னோக்கிச் செல்லுங்கள்.

இறுதியாண்டு மாணவர்:
பழியெல்லாம் மாணவர் தலையில் மட்டும் விழுவது சரியன்று. 2020இல் பெருந்தொற்று பரவியபோது ஒரு சில வாரங்களில் இணையத்துக்கு ஏற்றப்பட்ட வகுப்புகளை, முதலிலிருந்தே இணையத்துக்கென வடிவமைக்கப்பட்ட பாடங்களிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே, கல்வியாளர்கள் சிலர் 'அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்' என்று குறிப்பிட்டனர். நன்கு வடிவமைத்த பாடத்தில் இடையிடையே தன்சோதனை வினாக்களும் வாராந்திர வழிகாட்டியும் இருக்கும். நமக்குக் கிடைத்ததோ ஒன்றரை மணி நேர வகுப்பின் ஒளிப்பதிவு. வீட்டில் ஒரே கைப்பேசியை இருவர் பகிர்ந்துகொள்ளும் நிலையில் எந்த அட்டவணைதான் நிற்கும்? எனக்கு உதவியது துணைதான். நண்பர்கள் மூவரும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஒரே அழைப்பில் இருந்து படிக்கிறோம். 50 நிமிடம் முடிந்ததும் ஒருவர் மற்ற இருவருக்கும் ஒரு கருத்தை விளக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கிழித்துத்தான் போட்டேன், ஐயா. ஆனால் யோசித்துப் பார்த்தால், மூன்று நாளும் இரவு உணவுக்குப் பின் வைத்திருந்த பாடமே தவறியது. நேற்று அதைக் காலைக்கு மாற்றி, இந்த வார விரிவுரையை 15 நிமிடம் பார்த்து மூடிவிட்டு எழுதினேன். ஐந்து வரி வந்தது, அதில் ஒன்று தவறு.