போட்டிப் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கலாமா?

கோண்டாவில்_தம்பி:
நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சின்ன வெங்காயத் தோட்டங்களுக்கு மண் ஈரம் பார்க்கும் சென்சர் செய்திருக்கிறோம். கொழும்பில் ஒரு பெரிய நிறுவனம் ‘திறந்த புத்தாக்கம்’ என்று, அதாவது வெளியாரிடமும் புது யோசனை கேட்டு, போட்டி வைத்திருக்கிறது. சர்க்யூட் படம், அளவீட்டு அட்டவணை எல்லாம் கேட்கிறார்கள். வரும் யோசனைகளைத் தாங்கள் விரும்பியபடி பயன்படுத்தலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. அனுப்பலாமா?

செம்மண்:
வேண்டாம் தம்பி. நானும் ஒரு இடத்துக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. எட்டு மாதம் கழித்து அதே யோசனை அவர்களுடைய செயலியில் இருந்தது. அவர்களிடம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், எங்களிடம் யோசனை மட்டும்தான்.

மானிப்பாய்_அக்கா:
உங்களுக்கு நடந்தது அநியாயம் அண்ணை. அதற்காகப் பூட்டி வைக்கச் சொல்வதை ஏற்க மாட்டேன். பிரிங்கிள்ஸ் உருளைக்கிழங்குச் சிப்ஸில் எழுத்து அச்சடிக்கும் முறை, அப்போது அதைச் செய்த பி அன்ட் ஜி நிறுவனத்துக்குக் கிடைத்தது இத்தாலியில், பொலோன்யாவில் இருந்த ஒரு சின்ன பேக்கரியில். எங்கள் நாட்டில் 2004 சுனாமி நேரம் நிவாரண வேலையை ஒருங்கிணைக்கத் தன்னார்வலர்கள் எழுதிய சகானா மென்பொருள், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக இருந்ததால்தான் அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் உதவியது.

செம்மண்:
சகானா உயிர் காக்க எழுதியது, அதை வணங்குகிறேன். பேக்கரிக் கதையை வடிவாகப் பாருங்கள். தனக்கு என்ன தேவை என்று முதலில் வெளியே சொன்னது பி அன்ட் ஜி. இங்கே தங்கள் பக்கம் ஒன்றும் சொல்லாமல் எங்களை மட்டும் திறக்கச் சொல்கிறார்கள்.

மானிப்பாய்_அக்கா:
சரி, அது உண்மை. தம்பி, அந்தச் சென்சரில் உங்கள் சொந்த வேலை எது?

கோண்டாவில்_தம்பி:
சர்க்யூட் இணையத்தில் இருப்பதுதான் அக்கா. உவர்க் கிணற்றுத் தண்ணீர் பட்டால் செம்பு மூன்று கிழமையில் பச்சை பிடித்துவிடும். அதைத் தடுக்கச் செம்பின் மேல் போடும் பூச்சை நான்கு தரம் மாற்றித்தான் நின்றது, அது எங்கள் வேலை. அப்புறம் எங்கள் செம்மண்ணுக்கு எடுத்த அளவீட்டு அட்டவணை.

மானிப்பாய்_அக்கா:
அப்படியென்றால் சர்க்யூட்டையும் தோட்டத்தில் வந்த பலனையும் தாராளமாகக் காட்டுங்கள். பூச்சும் அட்டவணையும் இரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடாத தகவலையும் காக்கிறது, ஆனால் அதை இரகசியமாக வைத்திருக்க நீங்களும் முயன்றிருக்க வேண்டும்.

செம்மண்:
இதற்கு நானும் சம்மதம். அந்தக் கடைசிப் பக்கத்து வரியையும் எடுக்கச் சொல்லுங்கள்.

கோண்டாவில்_தம்பி:
இப்போதுதான் அதைக் கேட்டு மின்னஞ்சல் போட்டேன். பதில் வரும்வரை படிவம் எங்களிடமே இருக்கும்.