மழைக்கு ஓடையாகிவிடும் ஒற்றையடிப் பாதை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் கிராமத்தைச் சுற்றியுள்ள ஒற்றையடிப் பாதைகளை நாங்கள் சிலர் சேர்ந்து வெட்டிப் பராமரித்து வருகிறோம். ஒரு சரிவில் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் பாதையே ஓடையாகிவிடுகிறது. குறுக்கே கல் பதித்துத் தண்ணீரைத் திருப்பினோம். வண்டல் சேர்ந்து மூடிக்கொண்டது.

அப்புறம்தான் அளந்தோம். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பார்கள். இங்கே சரிவு 20 சதவீதம், பாதை 16. தண்ணீர் பக்கவாட்டில் வடிய வழியே இல்லை. தடத்தையே மாற்றி, பள்ளத்துப் பக்கமாகச் சுமார் 5 சதவீதம் சாய்த்து வெட்டி, இடையிடையே சிறு இறக்கம் கொடுப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வேலைக்கு வருவது ஆறேழு பேர். கையில் இருப்பது மண்வெட்டியும் கடப்பாரையும்.

இப்படித் தடம் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? பழைய தடத்தை எப்படி மூடினீர்கள்? கிளைகளை வெட்டிப் போட்டாலும் ஆட்கள் அதிலேயே நடக்கிறார்கள், அதுதான் பெரிய கவலை. ஆர்வமாக வருபவர்கள் இரண்டாம் மாதமே நின்றுவிடாமல் இருக்க என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அடுத்த மழைக்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும். படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள்.