கவுண்ட் நல்லாத்தான் இருந்தது

குடியாத்தம் டிரைவர்:
கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்ல. வீட்டுக்காரிய மூணு டாக்டர்கிட்ட காட்டியாச்சு. அரச மரத்தச் சுத்தினதும் அவதான். "ஆம்பளைக்கு இன்னாத்துக்குடா டெஸ்ட்டு?"ன்னு எங்கம்மா. கடைசியில மச்சான்தான் என்னை வேலூருக்கு இழுத்துக்கினு போனான்.

விந்து டெஸ்ட் ரிசல்ட்ல கவுண்ட், அதாவது ஒரு மில்லிக்கு 3 கோடியே 80 லட்சம் விந்தணு. அப்பாடான்னு எழுந்துட்டேன். "உக்காருப்பா, அசையறது 24 சதவீதம்தான்"னார் டாக்டர். நிக்க வெச்சுப் பார்த்தாரு. இடது பக்கம் விதைப்பையில ரத்தம் ஓடுற நரம்பு புடைச்சிருக்குது, அதுக்குப் பேரு வேரிகோசிலாம். அது போதாதுன்னு தினம் ஒரு கட்டு பீடி, இஞ்சின் சூட்டுல பொழப்பு, அதுமேல நம்ம ஊரு அக்னி நட்சத்திரம்.

அவர் சொன்னது இதான்: "மல்லாட்ட எண்ணெய் வெயில்ல கெடந்தா காறிப்போகுதில்ல? அணுவோட மேல்தோல்லயும் அப்படி ஒரு கொழுப்பு இருக்குது. இந்தப் பீடி, சூடு எல்லாத்தாலயும் உடம்புக்குள்ள தாறுமாறா வேலை செய்யுற ஒரு வகை ஆக்ஸிஜன் மிஞ்சினா அதுவும் காறிப்போகும். அப்புறம் வால் ஆடாது. உள்ள இருக்குற டிஎன்ஏவும் நறுங்கிப்போகும்."

காட்பாடி லேப்காரன்:
டாக்டர் சொன்னது சரி அண்ணே. விந்தணு உடம்புல வால்தான் அதிகம். தன்னைக் காப்பாத்திக்க சரக்கு வெச்சுக்க உள்ள இடமே இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுப்படி கவுண்ட் ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம், அசைவு 42 சதவீதம். இதுதான் கீழ்மட்ட அளவு. நிறைய பேர் முதல் வரிய மட்டும் படிச்சுட்டுக் கிளம்பிடுறாங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி 2லிருந்து 7 நாள் விந்து வெளியேறாம இடைவெளி விடணும், அதையும் பாதிப்பேர் மறைச்சுடுறாங்க!

ஆம்பூர் அக்கா:
எங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட்டே எடுக்காம, ஆறு மாசம் அந்த ஆக்ஸிஜனை அடக்குற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைன்னு ஒருத்தர் எழுதித் தள்ளினார். காசுதான் கரைஞ்சுது.

காட்பாடி லேப்காரன்:
அக்கா, அமெரிக்காவுல 2,370 தம்பதிகளை வெச்சு, ஆம்பளைங்கள்ல பாதிப்பேருக்கு அந்த மாதிரி துத்தநாகமும் ஃபோலிக் ஆசிடும் குடுத்துப் பார்த்தாங்க. 2020ல முடிவு வந்துச்சு. குழந்தை பிறக்குறதுல வித்தியாசமே இல்ல. முட்டைக்குள்ள நுழைய விந்தணுவுக்குக் கொஞ்சம் அந்த ஆக்ஸிஜனும் வேணும். மொத்தமா அடக்கினாலும் தப்பு. காரணத்தைத் தேடாம மாத்திரைய மட்டும் முழுங்கினா எப்படி?

குடியாத்தம் டிரைவர்:
எனக்கு நரம்புக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. புது அணு உருவாக 74 நாளாம், அதான் மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. எங்கம்மா இப்பல்லாம் மருமகளை ஒண்ணும் கேக்கறதில்ல. நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா சட்டைய மோந்து பார்க்குது, பீடி நாத்தம் வருதான்னு.