ஸ்வீடன் வரலாறு தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம் நண்பர்களே, எம்.ஏ ப்ராஜெக்ட்டுக்காக ஸ்வீடன்ல லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) சபையும் அரசாங்கமும் எப்படி ஒண்ணா பின்னிக்கிச்சுன்னு எழுதிட்டிருக்கேன், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். 1527ல ஸ்வீடன் ராஜா குஸ்தாவ் வாசா சர்ச் சொத்துல கை வச்சதுக்கு லூபெக்ங்கிற ஜெர்மன் நகரத்துக்கு குடுக்க வேண்டிய கடன் ஒரு பெரிய காரணம், அது புரியுது. ஆனா 1593ல கதையே வேற. கத்தோலிக்கரான சிகிஸ்முண்ட், ஏற்கனவே போலந்து ராஜா, ஸ்வீடனுக்கும் ராஜாவா வரப்போறார்னு தெரிஞ்சதும் பாதிரிமாரும் பிரபுக்களும் உப்சாலாவுல கூடி, லுத்தரன் கொள்கையைச் சொல்ற ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைதான் இனி நம்ம மதம்னு முடிவு பண்ணிட்டாங்க, அதை ஏத்துக்கிட்ட பிறகுதான் 1594ல அவருக்கு முடிசூட்டு. அப்புறம் சித்தப்பா சார்ல்ஸ் கூட சண்டை, 1598ல தோல்வி, 1599ல பதவியும் போச்சு.

என் குழப்பம் இதுதான்: அந்த சார்ல்ஸே கால்வின்ங்கிற வேற புராட்டஸ்டன்ட் பிரிவு பக்கம் சாயுறார்னு பாதிரிமாருக்கு சந்தேகம் இருந்துச்சு, 1600ல லின்ஷோப்பிங்ல அவர் தலைவெட்ட வச்ச சிகிஸ்முண்ட் பக்கம் நின்ன பிரபு எரிக் ஸ்பாரேயோ லுத்தரன். அப்போ இதை மதச்சண்டைன்னு சொல்றதா, பிரபுக்களுக்கும் அரச குடும்பத்துக்கும் நடந்த அதிகாரச் சண்டைன்னா? எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, ஆனா சாதாரண விவசாயிங்க ஏன் சார்ல்ஸ் பின்னாடி போனாங்கன்னு பிடிபடல. இந்த காலகட்டம் படிச்சவங்க யாராவது விளக்குங்க, ப்ளீஸ், ரொம்ப நன்றியா இருப்பேன்.